கிட்டார் கேள்வி பதில்: பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கிட்டார் தலையில் கவ்வி மாட்டிச் சுருதி பார்க்கும் கிளிப் ட்யூனர் பற்றியவை. போன தடவை கம்பி மாற்றுவது பற்றி எழுதும்போது "மாற்றி முடித்ததும் ட்யூனரை மாட்டி சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன், அதுதான் வினை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

அகூஸ்டிக் கிட்டார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை போனில் இருக்கும் ஆப்பை வைத்தே சுருதி சேர்த்து வருகிறேன். கிளிப் ட்யூனர் கட்டாயம் வேண்டுமா? வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அமைதியான அறையில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் வரை ஆப் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆப் காற்றில் வருவதைக் கேட்கிறது. மின்விசிறி சத்தம், பக்கத்து அறை டிவி, எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் என எல்லாமே அதன் மைக்கில் போய் விழும். கிளிப் ட்யூனர் அப்படிக் கேட்பதில்லை, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. கவ்வும் வாய்ப்பகுதிக்குள் ஒரு சின்ன பீசோ தட்டு இருக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டு சொன்னார்களே, அதே சங்கதிதான். கம்பி அதிர்கிறது, நட் (கழுத்து நுனியில் கம்பிகள் பதிந்து நிற்கும் பள்ளக் கட்டை) வழியாக ஹெட்ஸ்டாக், அதாவது கிட்டார் தலை மரமும் அதிர்கிறது, அந்த நடுக்கம் பீசோவில் மின் அலையாகி எந்தச் சுரம் என்று திரையில் வந்துவிடுகிறது. ஒரே அறையில் நாலு பேர் ஒரே நேரத்தில் சுருதி சேர்க்கும்போது இதன் அருமை தெரியும். ஆப் வைத்திருப்பவர் "ஒரு நிமிஷம் எல்லாரும் நிறுத்துங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார், கிளிப் வைத்திருப்பவர் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

எதைப் பார்த்து வாங்குவது என்றால், பெட்டி மேல் அச்சடித்திருக்கும் துல்லியக் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் திரை. நீங்கள் வழக்கமாக உட்காரும் விதத்தில் கிட்டாரைப் பிடித்தால் அந்தத் திரை உங்கள் கண்ணுக்கு நேராகத் திரும்புமா, வெயிலில் எழுத்து தெரியுமா, இருட்டில் வெளிச்சம் வருமா? சில வகைத் திரைகளை நேராகப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், கொஞ்சம் சாய்ந்த கோணத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அப்புறம் கவ்வும் பிடி. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் நடுக்கம் சரியாகப் போய்ச் சேராது, ட்யூனரும் நழுவிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, திரையையும் பிடியையும் இணைக்கும் மூட்டு. என் முதல் கிளிப் ட்யூனர் அந்தப் பந்து மூட்டில்தான் உடைந்தது, கீழே விழுந்துகூட இல்லை, திருப்பும்போதே கையோடு வந்துவிட்டது. ரப்பர் பேண்ட் சுற்றி அதை இன்னும் ஒரு வருஷம் ஓட்டினேன் என்பது வேறு கதை. அதனால் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் நாலு தடவை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள்.

குரோமாட்டிக் வகையாக இருக்கட்டும். வெறும் கிட்டார் மோட் மட்டும் உள்ளது ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற ஆறு சுரங்களைத்தான் தேடும். எல்லாக் கம்பியையும் அரைச்சுரம் இறக்கி வாசிக்கவோ, டிஏடிஜிஏடி மாதிரி வேறு ட்யூனிங் போடவோ, கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்தும் கவ்வி) மாட்டிய பிறகு சரிபார்க்கவோ ஆசை வந்தால் அது கைகொடுக்காது. பன்னிரண்டு சுரத்தையும் காட்டுவது குரோமாட்டிக்.

பெயர் சொல்லச் சொல்லிக் கேட்டவர்களுக்கு: ஸ்நார்க் பெரிய வண்ணத் திரை உள்ளது, ஆரம்பிப்பவர்களுக்குப் படிக்க எளிது. டடாரியோவின் என்எஸ் மைக்ரோ ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னது, மேடையில் கிட்டார் தலையில் ஏதோ பூச்சி உட்கார்ந்த மாதிரி தெரிய வேண்டாம் என்பவர்களுக்கு நல்லது. டிசி எலக்ட்ரானிக்கின் பாலிட்யூன் கிளிப்பில் ஆறு கம்பியையும் ஒரே தட்டாகத் தட்டினால் எது பிசகியிருக்கிறது என்று காட்டும் வசதி உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சட்டென்று பார்க்க உதவும், ஆனால் கடைசியில் ஒவ்வொரு கம்பியாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கும். பீட்டர்சனின் ஸ்ட்ரோபோகிளிப் துல்லியப் பித்து பிடித்தவர்களுக்கு. உங்களுக்கு இப்போது முதல் இரண்டில் ஒன்றே தாராளம்.

ஒன்றில் ±1 செண்ட் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ±0.1 செண்ட். பத்து மடங்கு துல்லியம் என்றால் பத்து மடங்கு நன்றாகக் கேட்குமா?

கேட்காது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் இருக்கின்றனவே, அந்த ஃப்ரெட்டுகளில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள சுருதி தூரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் செண்ட். தடித்த ஈ கம்பி ஒரு நொடிக்கு 82.41 தடவை அதிர வேண்டும். அங்கே ஒரு செண்ட் என்பது 0.05 ஹெர்ட்ஸ்கூட இல்லை. ஒரு செண்ட் வித்தியாசத்தில் இரண்டு ஈ கம்பிகளைச் சேர்ந்தாற்போல் மீட்டினால் அந்த "வாவ்... வாவ்..." என்ற அலைவு ஒரு சுற்று முடிய இருபது நொடி பிடிக்கும். அகூஸ்டிக் கிட்டாரில் அதற்குள் சத்தமே அடங்கிவிடும். மெல்லிய ஈ கம்பியில், 329.63 ஹெர்ட்ஸில், அதே ஒரு செண்ட் ஐந்து நொடிக்கு ஒரு அலைவு தரும், அங்கே கூர்மையான காது கொஞ்சம் உணரலாம். பழகிய காதுக்கே தனியாகக் கேட்கும்போது நாலைந்து செண்ட் வித்தியாசம்தான் பிடிபடத் தொடங்கும்.

இதை விடுங்கள். கம்பியைக் கொஞ்சம் ஓங்கி மீட்டினாலே முதல் கணத்தில் சுருதி சில செண்ட் ஏறி அப்புறம் இறங்கும், இழுபட்ட கம்பி இறுகுகிறது இல்லையா, அதனால். விரலை ஃப்ரெட்டில் அழுத்துவது கூடினால் அதற்கும் சில செண்ட் ஏறும். கையே இவ்வளவு அசைக்கும்போது 0.1க்கும் 1க்கும் நடுவே என்ன பெரிய நியாயம்? ஸ்ட்ரோப் வகைத் திரைக்கு இருக்கும் நிஜமான பயன் வேறு: ஓடும் கோடுகள் நின்றால் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம், ஊசி வகையைவிட அது நுணுக்கமாகவும் சட்டென்றும் நகர்வைக் காட்டும். ஸேடில் (கம்பிகள் மறுமுனையில் அமரும் கட்டை) சரிசெய்பவர்களுக்கும் ஒலிப்பதிவு செய்பவர்களுக்கும் அது தேவை.

அண்ணா, ட்யூனர் ஆறு கம்பிக்கும் பச்சை காட்டுகிறது. ஆனால் கார்டு பிடித்தால் நன்றாக இல்லை, குறிப்பாக ஈ மேஜர். ஜி கம்பியைக் கொஞ்சம் இறக்கினால் ஈ இனிக்கிறது, சி கார்டு கெட்டுப்போகிறது. ட்யூனர் பொய் சொல்கிறதா?

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். உங்கள் காதும் பொய் சொல்லவில்லை, ட்யூனரும் பொய் சொல்லவில்லை.

ஈ மேஜரில் ஜி கம்பியின் முதல் ஃப்ரெட்டைப் பிடிக்கிறீர்கள், அது ஜி ஷார்ப். ஈயிலிருந்து அது மேஜர் தேர்ட், அதாவது நாலு ஃப்ரெட் தூரம். இரண்டு சுரங்களும் அலைவே இல்லாமல் தேன் மாதிரி ஒட்ட வேண்டுமானால் நடுவே 386 செண்ட் இருக்க வேண்டும். ஆனால் கிட்டார் ஃப்ரெட்டுகள் எட்டாம் சுரம் வரையுள்ள 1200 செண்ட்டைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டி வைத்தவை, அதில் மேஜர் தேர்ட் 400 செண்ட். அதாவது 14 செண்ட் கூடுதல். ட்யூனர் இந்தச் சமபங்கு கணக்கைத்தான் பின்பற்றுகிறது. நீங்கள் ஜி கம்பியை இறக்கியதும் ஜி ஷார்ப் இறங்கி ஈ கார்டு இனித்தது, சரி. ஆனால் சி கார்டில் அதே ஜி கம்பி திறந்தபடி ஃபிஃப்த்தாக (ஆதார சுரத்திலிருந்து ஏழு ஃப்ரெட் தூரம்) நிற்கிறது, ஜி கார்டில் அதுவே ஆதார சுரம். அங்கெல்லாம் இறங்கின கம்பி பல்லிளிக்கிறது. ஒரு இடத்தில் இழுத்துப் போர்த்தினால் இன்னொரு இடத்தில் கால் வெளியே தெரியும் போர்வைதான் இது. எல்லா கார்டும் ஓரளவு நன்றாக இருக்க, எதுவும் முழுசாக இனிக்காமல் இருக்கும் ஏற்பாடு. முழுக்க ஈ கார்டு சார்ந்த ஒரே பாட்டு வாசிக்கப் போகிறீர்களா, தாராளமாக ஜியை ஒரு முடி இறக்கிக்கொள்ளுங்கள், யாரும் அடிக்க வர மாட்டார்கள். சில ட்யூனர்களில் ஸ்வீட்டண்ட் ட்யூனிங் என்ற பெயரில் இந்த மாதிரி சமரசங்களை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஐந்தாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மணி மாதிரி சத்தம்) அடுத்த கம்பியின் ஏழாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் ஒப்பிட்டுச் சேர்க்கும் முறையைச் சிலர் ட்யூனரைவிட உசத்தி என்பார்கள். காதுக்கு நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் ஏழாம் ஃப்ரெட் ஹார்மோனிக் தருவது சுத்தமான ஃபிஃப்த், 702 செண்ட், கிட்டாரின் ஃபிஃப்த்தோ 700. தடித்த ஈயிலிருந்து ஆரம்பித்தால் ஏ 2 செண்ட் இறங்கும், டி 4, ஜி வரும்போது 6. ஒவ்வொரு அடியிலும் "அற்புதமாகச் சேர்ந்தது" என்று தோன்றும், கடைசியில் கார்டு பிடித்தால் ஏதோ இடிக்கும்.

ஆனால் உங்கள் பிரச்சினை ஈ கார்டில் மட்டும் இல்லாமல் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் எதைப் பிடித்தாலும் இருந்தால் சந்தேகத்தை நட் பக்கம் திருப்புங்கள். ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும். நன்றாகவே தெரிகிற இடைவெளி என்றால் நட் பள்ளம் ஆழம் போதவில்லை, ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் கம்பியை வளைத்து இறுக்குகிறீர்கள், சுருதி ஏறுகிறது. ட்யூனரை மாட்டிக்கொண்டே முதல் ஃப்ரெட் சுரங்களை வாசித்துப் பாருங்கள், ஊசி எல்லாவற்றிலும் வலது பக்கம் சாய்ந்தால் உறுதி. மேலே பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்த சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றாக இல்லையென்றால் அது ஸேடில் விஷயம், அல்லது கம்பி பழசாகிவிட்டது. கம்பி மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பழுது பார்ப்பவரிடம் போங்கள். நட்டை நீங்களே அரம் வைத்துத் தேய்க்க வேண்டாம், ஒரு இழுப்பு கூடிப்போனால் கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்க ஆரம்பித்துவிடும்.

தடித்த ஈ கம்பியை மீட்டினால் ட்யூனர் ஒரு நேரம் ஈ என்கிறது, ஒரு நேரம் பி என்கிறது. ட்யூனர் பழுதா?

பழுது இல்லை, அது கேட்டதைச் சொல்கிறது. ஈ கம்பி கூடவே எழுப்பும் மூன்று மடங்கு அதிர்வு, அதாவது மூன்றாம் மேற்சுரம், 247 ஹெர்ட்ஸ் சுமாருக்கு வரும், அது பி. போதாக்குறைக்கு அதே 247க்குப் பக்கத்தில் திறந்த பி கம்பியும் கிட்டாரிலேயே இருக்கிறது, நீங்கள் தொடாமலே அதுவும் கூடவே முனகும். ஹெட்ஸ்டாக்கில் சில இடங்களில் ஈயின் அடிச்சுரம் பலவீனமாகவும் இந்த பி பலமாகவும் போய்ச் சேர்கிறது, அதுதான் குழப்பம்.

மற்ற கம்பிகளை உள்ளங்கையால் லேசாக மூடிக்கொள்ளுங்கள். பிக் வேண்டாம், கட்டைவிரல் சதையால் மெதுவாக மீட்டுங்கள். மீட்டும் இடமும் முக்கியம்: 19ஆம் ஃப்ரெட் பக்கம், ஒலித்துளையின் மேல் விளிம்பு இருக்கிறதே, அந்த இடம் கம்பி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே மீட்டினால் மூன்றாம் மேற்சுரம் எழும்பவே எழும்பாது. இதை முதன்முதலில் செய்து பார்த்தபோது, அதுவரை தாவிக்கொண்டிருந்த எழுத்து ஈயில் அப்படியே நின்றதைப் பார்த்து நானே இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி மீட்டிப் பார்த்தேன். அப்படியும் தாவினால் பன்னிரண்டாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை வாசியுங்கள், அல்லது ட்யூனரை ஹெட்ஸ்டாக்கில் இரண்டு விரல் தள்ளி மாட்டிப் பாருங்கள். பிடி மரத்தை முழுசாகக் கவ்வ வேண்டும், கம்பியை முறுக்கும் பெக்கின் உலோகத்திலோ கம்பி நுனியிலோ உரசக் கூடாது. முடிந்தவரை மீட்டி ஒரு நொடி கழித்து வரும் காட்டலை நம்புங்கள், மீட்டின உடனே வருவதை அல்ல.

நான் பள்ளி மாணவன். ட்யூனர் சொன்னபடி திருகிக்கொண்டே போனேன், பட்டென்று மெல்லிய கம்பி அறுந்துவிட்டது. பச்சை வரவே இல்லை. என்ன தப்பு?

தம்பி, ஒரு கம்பியை மீட்டிக்கொண்டு வேறு கம்பியின் பெக்கைத் திருகியிருக்கிறாய். ஊசி அசையாமலே இருந்திருக்கும், நீயும் "இன்னும் கொஞ்சம்" என்று திருகிக்கொண்டே போயிருப்பாய். எல்லாரும் ஒரு தடவை செய்ததுதான். மீட்டும் கம்பியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போய் எந்த பெக்கில் முடிகிறது என்று பார்த்த பிறகு கை வை. அரைச் சுற்று திருகியும் ஊசி நகரவில்லை என்றால் உடனே நிறுத்து.

இன்னொன்று, குரோமாட்டிக் மோடில் பெரும்பாலான ட்யூனர்கள் சுரத்தின் பெயரை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது, எந்தச் சுரத்தில் நின்றாலும் பச்சை காட்டிவிடும். டி கம்பி ரொம்ப இறங்கி சியில் கிடந்தால் மேலே டிக்குத்தான் போக வேண்டும், ஆனால் கவனிக்காமல் ஈ வரை ஏற்றிவிட்டு "பச்சை வந்துவிட்டது" என்று உட்கார்ந்தால் கம்பி பாவம். புதிதாகக் கற்கும்போது கிட்டார் மோட் இருந்தால் அதையே வைத்துக்கொள்.

சுருதி தாண்டிப் போய்விட்டால் இறக்கி அங்கேயே நிறுத்தாதே. நன்றாகக் கீழே இறக்கிவிட்டு மறுபடி மேலே ஏற்றிக் கொண்டுவா. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பெக்கிலும் நட்டிலும் தொய்வு தங்கும், இரண்டு கார்டு வாசித்ததும் கம்பி இன்னும் இறங்கிவிடும். திருகும்போது நட்டில் "டிக்" என்று சத்தம் வந்து ஊசி ஒரே தாவலாகத் தாவுகிறதா? கம்பி பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

நானும் நண்பரும் ஆளுக்கொரு கிளிப் ட்யூனர் வைத்திருக்கிறோம். தனித்தனியே நன்றாக இருக்கிறது, சேர்ந்து வாசித்தால் அபஸ்வரம்.

இரண்டு திரையிலும் ஓரத்தில் 440 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் 437, 432 என்று ஏதாவது இருக்கும், பந்தயம் கட்டுவேன். மத்திய ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்பதுதான் இன்றைய பொது அளவு, 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டு பின்னால் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. ட்யூனரில் அதை மாற்ற ஒரு பொத்தான் உண்டு, அது பெரும்பாலும் பவர் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்து தொலைக்கும். பையில் இருந்து எடுக்கும்போது விரல் பட்டாலே மாறிவிடும். 432க்குப் போனால் கிட்டத்தட்ட 32 செண்ட், அதாவது மூன்றில் ஒரு ஃப்ரெட் இறங்கிவிடுகிறீர்கள். தனியாக வாசிக்கும்போது எல்லாக் கம்பியும் சேர்ந்தே இறங்கியிருப்பதால் ஒன்றும் தெரியாது.

வாசிக்கும்போதும் ட்யூனரைக் கழற்றாமலே விட்டுவிடலாமா?

வாசிக்கும்போது இருக்கட்டும், சத்தத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் வராது. கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கும்போது மட்டும் கழற்றுங்கள். மூடி அழுத்தி மூட்டு உடையும் என்பது ஒன்று. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள கிட்டாராக இருந்தால் பிடியின் ரப்பர் அந்தப் பூச்சோடு வேதிவினை புரிந்து, கழுவினாலும் போகாத தடம் விட்டுவிடும் என்பது இன்னொன்று. பாலியூரித்தேன் பூச்சுக்கு அந்தப் பயம் இல்லை. எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால் கழற்றி வைப்பதே மேல்.

பேட்டரி அடிக்கடி தீர்ந்துவிடுகிறது. சிஆர்2032க்குப் பதில் சிஆர்2025 போடலாமா?

இரண்டும் 3 வோல்ட்தான், ஆனால் 2032இன் கனம் 3.2 மில்லிமீட்டர், 2025 வெறும் 2.5. உள்ளே லொடலொடவென்று கிடந்து தொடர்பு விட்டு விட்டு வரும். தானாக அணையும் வசதி உங்கள் ட்யூனரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதுதான் பேட்டரியைத் தின்கிறது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இந்தக் காசு வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்துதான், கழற்றியதும் மேஜையில் போட்டுவிடாமல் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.